கணினியோடு ஆடும் சதுரங்கம்: நியாயமான விதி எது?

1998ஆம் ஆண்டு ஜூலை மாதம் இத்தாலியின் இஸ்கியா தீவில் விஸ்வநாதன் ஆனந்த் ஒரு கணினி நிரலுடன் எட்டு ஆட்டங்கள் ஆடினார். அப்போது உலகத் தரவரிசையில் அவருக்கு இரண்டாம் இடம். எதிரே இருந்தது நெதர்லாந்துக்காரரான எட் ஷ்ரோடர் எழுதிய ‘ரெபெல் 10’. பெருநிறுவனம் ஒன்று தனக்கென்று கட்டி வைத்திருந்த இயந்திரமல்ல அது. விலை கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும் நிரல். எட்டு ஆட்டங்களும் முடிந்தபோது ரெபெல் 5 புள்ளி, ஆனந்த் 3 புள்ளி.

இந்தக் கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பவர், கணினி தெளிவாக வென்றுவிட்டது என்றே சொல்வார். அதைப் பிரித்துப் பார்த்தால் தீர்ப்பு அவ்வளவு எளிதாக இல்லை. எட்டில் நான்கு, ஆளுக்கு ஐந்து நிமிடமும் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஐந்து விநாடியும் தரப்பட்ட மின்னல்வேக ஆட்டங்கள். அவற்றில் ரெபெல் 3–1 என்று முந்தியது. இரண்டு, ஆளுக்குப் பதினைந்து நிமிட ஆட்டங்கள். அங்கும் ரெபெலுக்கு ஒன்றரை, ஆனந்துக்கு அரை. மீதி இரண்டும் முறையான போட்டி ஆட்டங்கள்: நாற்பது நகர்த்தலுக்கு இரண்டு மணி நேரம். அங்கே கணக்கு தலைகீழானது; ஆனந்துக்கு ஒன்றரை, ரெபெலுக்கு அரை.

அதே மனிதர், அதே நிரல், அதே தீவு. மாறியது கடிகாரம் மட்டுமே. கடிகாரம் மாறியதும் வெற்றியாளரும் மாறினார். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு மின்னல்வேக ஆட்டங்களும் இரண்டு நீண்ட ஆட்டங்களும் என்றிருந்ததை, இரண்டு மின்னல்வேக ஆட்டங்களும் நான்கு நீண்ட ஆட்டங்களும் என்று மாற்றிக்கொள்வோம். ஒவ்வொரு வகையிலும் இருவரும் எடுத்த புள்ளி விகிதம் அப்படியே நீடித்திருந்தால், முடிவு 4–4. எட்டே ஆட்டங்களை வைத்து இருவரின் பலத்தை அளந்துவிட முடியாது என்பது உண்மை. ஆனால் இந்த எட்டு ஆட்டங்கள் ஒன்றைத் தெளிவாகக் காட்டுகின்றன: மேசைக்கு வருமுன்பே, எத்தனை ஆட்டம், எவ்வளவு நேரம் என்று எழுதப்பட்ட காகிதத்தில் முடிவின் ஒரு பகுதி எழுதப்பட்டுவிடுகிறது.

மனிதருக்கும் கணினிக்கும் இடையிலான சதுரங்கத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ‘யார் வென்றார்’ என்று கேட்கிறார்கள். ‘எந்த விதியின் கீழ்’ என்ற கேள்வி அதற்கு முன்பே கேட்கப்பட வேண்டியது. இக்கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

நேரம் யாருக்கு உதவுகிறது?

குறுகிய நேரம் கணினிக்குச் சாதகமாவதற்குக் காரணம் உண்டு. மனிதர் ஒரு நிலையைப் பார்த்ததும் நல்ல நகர்த்தல் இரண்டு மூன்று உடனே மனத்தில் தோன்றும். அவற்றில் ஒளிந்திருக்கும் பொறிகளைச் சரிபார்க்கத்தான் அவருக்கு நேரம் வேண்டும். அந்த நேரம் இல்லாதபோது தவறுகள் வருகின்றன. கணினியோ ஒரு விநாடியில்கூட எல்லா நகர்த்தல்களையும் சில படிகள் வரை சரிபார்த்துவிடும். இரண்டே நகர்த்தலில் ராணியை இழக்கும் தவறை அது செய்யாது. அக்காலத்துக் கணினிகளின் குறை வேறிடத்தில் இருந்தது: பத்துப் பதினைந்து நகர்த்தல்களுக்குப் பின் பலன் தரும் திட்டங்கள் அவற்றின் பார்வைக்கு எட்டவில்லை. அப்படியொரு திட்டத்தைத் தீட்ட மனிதருக்கு நீண்ட நேரம் வேண்டும். ஆகவே நேரத்தைக் கூட்டினால் மனிதரின் பலம் வெளிவரும். குறைத்தால் கணினியின் பலம் வெளிவரும்.

1994 ஓகஸ்டில் லண்டனில் நடந்த இன்டெல் கிராண்ட் பிரீ போட்டியிலும் இதே பாடம். ஆளுக்கு 25 நிமிடம். ரிச்சர்ட் லாங் எழுதிய ‘செஸ் ஜீனியஸ்’ நிரல், உலகச் சம்பியன் கரி கஸ்பரோவை முதல் சுற்றிலேயே வெளியேற்றியது. அடுத்து பிரெட்ராக் நிகோலிச்சையும் வென்றது. அதை நிறுத்தியவர் ஆனந்த். உலகச் சம்பியனால் இயலாததை, மயிலாடுதுறையில் பிறந்து சென்னையில் வளர்ந்த 24 வயது இளைஞர் அதே நேரக் கட்டுப்பாட்டின் கீழ் செய்து காட்டினார். விதி மனிதருக்குப் பாதகமாக இருந்தாலும் வெல்ல முடியும் என்பதற்கு இது சான்று. ஆனால் ஒருவர் வென்றுவிட்டார் என்பதால் விதி நியாயமாகிவிடாது.

லண்டன் போட்டி இன்னொரு கேள்வியையும் எழுப்பியது. அது மனிதருக்கும் கணினிக்குமான தனிப் போட்டியல்ல. மனிதர்கள் பரிசுக்காக ஆடும் போட்டிக்குள் ஒரு நிரல் சேர்க்கப்பட்டது. அங்கே கணினியிடம் தோற்றவர் ஒருவர் வெளியேறினால், அந்த இழப்பும் ஆதாயமும் மற்ற மனிதர்களின் கணக்கில் போய்ச் சேர்கின்றன. எனவே கணினியோடு ஆடுவது தனிப் போட்டியாகவே இருக்கவேண்டும் என்பதை நியாயத்தின் முதற்படியாகக் கொள்ளலாம்.

ஆட்டக்காரரின் பலமும் ஏற்பாட்டின் பலமும்

நியாயம் என்றால் இரு தரப்பையும் சமமாக்குவது என்று சிலர் கருதுகிறார்கள். மனித மூளை சுமார் 20 வாட் ஆற்றலில் இயங்குகிறது. கணினிக்கும் அவ்வளவே கொடுங்கள் என்பது ஒரு வாதம். கணினி களைப்படைவதில்லை, ஆகவே மனிதருக்கு ஓய்வுநாள் கூட்டுங்கள் என்பது இன்னொன்று. இந்த வழியில் போனால் எங்கே நிற்பது என்று தெரியாது. களைப்படையாமை கணினியின் இயல்பு. திட்டம் தீட்டும் உள்ளுணர்வு மனிதரின் இயல்பு. ஒன்றின் இயல்பை வெட்டி மற்றதற்குச் சமமாக்கினால், பிறகு அளப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

இரண்டு வகைப் பலங்களைப் பிரித்துப் பார்ப்பதே சரியான வழி என்பது என் வாதம். ஒன்று, ஆட்டக்காரரின் சொந்தப் பலம். வேகம், நினைவு, பதற்றமின்மை, அனுபவம் எல்லாம் இதில் அடங்கும். அதை விதி தடுக்கக்கூடாது. மற்றது, ஏற்பாட்டிலிருந்து வரும் பலம். எதிரியைப் பற்றி ஒருவருக்கு மட்டும் தெரிந்திருப்பது, ஒருவர் மட்டும் இடையில் ஆளை மாற்றிக்கொள்ள முடிவது, போட்டியை நடத்துபவரே ஒரு தரப்பின் சொந்தக்காரராக இருப்பது ஆகியவை இந்த வகை. ஒரு கண்ணுக்கு வெண்ணெயும் மறு கண்ணுக்குச் சுண்ணாம்புமாக வைக்கும் இத்தகைய ஏற்பாடுகளை அகற்றுவதுதான் விதியின் வேலை.

2006 நவம்பர் 27 அன்று ஜேர்மனியின் பொன் நகரில் நடந்தது இந்தப் பிரிவினையை விளக்கும். உலகச் சம்பியன் விளாடிமிர் கிராம்னிக், ‘டீப் ஃபிரிட்ஸ் 10’ நிரலுடன் இரண்டாவது ஆட்டத்தில் கறுப்புக் காய்களோடு நல்ல நிலையில் இருந்தார். 34ஆவது நகர்த்தலில் ராணிகளை மாற்றிக்கொள்ளும் எண்ணத்தில் தம் ராணியை e3 கட்டத்துக்கு நகர்த்தினார். வெள்ளையின் குதிரை f8 கட்டத்தில் நின்று h7 கட்டத்தைக் காத்துக்கொண்டிருந்தது. அடுத்த நகர்த்தலில் வெள்ளை ராணி h7க்கு வந்தது, செக்மேட். ஒரே நகர்த்தலில் வரும் முற்றுகையை உலகச் சம்பியன் காணவில்லை. குதிரை வழக்கமாக f8இலிருந்து முற்றுகைக்குத் துணைநிற்பதில்லை. கண் பழகாத அமைப்பை மனம் தவறவிட்டது. எந்தக் கணினியும் செய்யாத தவறு இது. ஆனாலும் இதில் அநியாயம் எதுவும் இல்லை. மனிதரின் இயல்பிலுள்ள பலவீனம் அது. போட்டி அளக்க வந்ததும் அதைத்தான். அந்தப் போட்டியில் கிராம்னிக் 4–2 என்று தோற்றார். தோல்வி நியாயமான தோல்வி.

நியூயோர்க், 1997

பொன் நகரத் தோல்வியோடு ஒப்பிட்டால், 1997 மே மாதம் நியூயோர்க்கில் கஸ்பரோவ் அடைந்த தோல்வி ஏன் இன்றுவரை விவாதிக்கப்படுகிறது என்பது புரியும்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1996 பெப்ரவரியில், பிலடெல்பியாவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ‘டீப் ப்ளூ’வைக் கஸ்பரோவ் 4–2 என்று வென்றிருந்தார். முதல் ஆட்டத்தை இழந்த பிறகு மீண்டெழுந்த வெற்றி அது. கணினித் துறை அறிஞர்களின் சங்கமான ஏ.சி.எம். அந்தப் போட்டியை நடத்தியது. 1997இல் மறுபோட்டியை நடத்தியது ஐ.பி.எம். தானே. டீப் ப்ளூ இப்போது 480 தனிச் சதுரங்கச் சில்லுகளைக் கொண்டு விநாடிக்கு ஏறத்தாழ 20 கோடி நிலைகளை ஆராயும் இயந்திரம். மே 3 முதல் 11 வரை ஆறு ஆட்டங்கள். முடிவு டீப் ப்ளூவுக்கு 3½–2½.

இந்தப் போட்டியின் விதிகளில் மூன்று குறைகளைக் காண்கிறேன்.

முதலாவது, தகவல் சமமின்மை. கஸ்பரோவ் அதுவரை ஆடிய ஆட்டங்கள் எல்லாம் அச்சில் இருந்தன. டீப் ப்ளூ குழு அவற்றைப் படித்துத் தயாராகியது. அந்தக் குழுவில் ஜோயல் பெஞ்சமின், மிகேல் இயெஸ்காஸ் உள்ளிட்ட கிராண்ட்மாஸ்டர்கள் இருந்தார்கள். புதுப்பிக்கப்பட்ட டீப் ப்ளூ ஆடிய பயிற்சி ஆட்டம் ஒன்றுகூடக் கஸ்பரோவின் கைக்கு எட்டவில்லை.

இரண்டாவது, இடைமாற்றம். ஆட்டங்களுக்கு இடையில் நிரலைத் திருத்த விதி அனுமதித்தது. ஆறாவது ஆட்டத்தில் கஸ்பரோவ் காரோ-கான் தற்காப்பை ஆடி, ஏழாவது நகர்த்தலில் h6 என்று ஒரு சிப்பாயை முன்தள்ளினார். டீப் ப்ளூ உடனே e6இல் குதிரையைப் பலிகொடுத்தது. 19 நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்தது. அந்தக் குதிரைப் பலியை அன்று காலையில்தான் நிரலின் தொடக்கத் தொகுப்பில் சேர்த்ததாக இயெஸ்காஸ் பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு நேர்காணலில் சொன்னார்.

மூன்றாவது, சான்றின்மை. இரண்டாவது ஆட்டத்தில் டீப் ப்ளூவின் சில நகர்த்தல்கள் மனிதத்தன்மையோடு இருந்ததாகக் கஸ்பரோவ் சந்தேகித்தார். தொடர்ந்து செக் வைத்துச் சமநிலை பெறக்கூடிய நிலையிலேயே தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்துவிட்டார். இயந்திரத்தின் சிந்தனைப் பதிவுகளை அவர் கேட்டார். அவை பிற்பாடு வெளியிடப்பட்டன. ஆனால் போட்டி நடந்துகொண்டிருந்தபோது, அவருக்கு மிகவும் தேவைப்பட்ட வேளையில், அவர் கையில் இல்லை. மனிதர் யாரும் உள்ளே கைவைக்கவில்லை என்பதே உண்மை என்று நான் நம்புகிறேன். ஆயினும் உண்மையாக நடந்துகொள்வது மட்டும் போதாது. உண்மையாக நடந்துகொண்டதை எதிர்த்தரப்பு சரிபார்க்க வழி இருக்கவேண்டும். அந்த வழியில்லாததால் சந்தேகம் மனிதரின் மனத்துக்குள் புகுந்து மீதி ஆட்டங்களையும் கெடுத்தது.

டீப் ப்ளூ தரப்பின் நியாயத்தையும் சொல்லவேண்டும். மனிதர் ஒவ்வோர் ஆட்டத்திலிருந்தும் கற்றுக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்கு வருகிறார். அக்கால இயந்திரத்துக்குத் தானாகக் கற்கும் திறன் இல்லை. அதன் சார்பில் நிரலாளர்கள் கற்றுத் திருத்துவதில் என்ன தவறு? கஸ்பரோவுக்கும் உதவியாளர்கள் இருந்தார்கள். அவர் விதிகளை ஏற்றுக் கையெழுத்திட்டுத்தான் ஆட வந்தார். இவை வலுவான வாதங்கள். ஏற்றுக்கொண்ட விதியைப் பற்றித் தோற்றபின் குறைசொல்லும் உரிமை பெரிதும் குறைந்துவிடுகிறது என்பதும் சரியே. ஆனால் கற்றுத் திருத்துவது என்ற பெயரில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வேறொரு எதிரி வந்து உட்காரலாம் என்றால், போட்டியின் முடிவு எந்த எதிரியைப் பற்றியது? மேலும், 1997க்குப் பின் டீப் ப்ளூ வேறெந்தப் போட்டியும் ஆடவில்லை. மறுபோட்டிக்கு வாய்ப்பின்றி ஓய்வுபெற்ற எதிரியின் வெற்றி, அறிவியல் முறையில் சொன்னால், திரும்பச் செய்து பார்க்க முடியாத சோதனையின் முடிவு.

பஹ்ரைனில் திருத்தப்பட்ட விதிகள்

நியூயோர்க்கின் படிப்பினை வீண்போகவில்லை. 2002 ஒக்டோபரில் பஹ்ரைனில் கிராம்னிக் ‘டீப் ஃபிரிட்ஸ்’ நிரலுடன் எட்டு ஆட்டங்கள் ஆடியபோது விதிகள் வேறாக இருந்தன. நிரலின் பிரதி போட்டிக்கு முன்பே அவரிடம் கொடுக்கப்பட்டது. அதன் மூளையான தேடுபொறியைப் போட்டி முடியும்வரை மாற்றக்கூடாது. தொடக்க நகர்த்தல்களின் தொகுப்பில் மட்டுமே கைவைக்கலாம். கிராம்னிக் வீட்டில் அதனோடு ஆடிப் பார்த்து, ராணிகளை விரைவில் மாற்றிவிட்டால் அது தடுமாறுகிறது என்று கண்டுகொண்டார். முதல் நான்கு ஆட்டங்களில் 3–1 என்று முந்தினார். பிறகு ஐந்தாவது, ஆறாவது ஆட்டங்களை இழந்து, இறுதியில் 4–4 என்று சமமாக முடிந்தது.

இப்போது கணினித் தரப்பிலிருந்து எதிர்வாதம் வந்தது. எதிரியை வீட்டில் வைத்துப் பல நாள் சோதித்துப் பார்ப்பது எந்த மனித ஆட்டக்காரருக்கும் கிடைக்காத சலுகை. இது மனிதர் பக்கம் சாய்ந்த விதி என்றார்கள். இந்த வாதத்தை நான் முழுதாக ஏற்கவில்லை. ஒரு கிராண்ட்மாஸ்டரின் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் எதிரிக்குத் திறந்த புத்தகம். நேற்றுப் புதுப்பிக்கப்பட்ட நிரலுக்கு அத்தகைய வரலாறு எதுவும் இல்லை. அந்தக் குறையை நிரப்பவே பிரதி கொடுக்கப்படுகிறது. கஸ்பரோவின் மனத்தை ஐ.பி.எம். குழு அவருடைய ஆட்டங்கள் வழியே படித்தது போல, ஃபிரிட்ஸின் மனத்தைக் கிராம்னிக் அதன் பிரதி வழியே படித்தார்.

2006 பொன் போட்டி இன்னும் ஒருபடி மேலே போனது. கணினி தன் தொடக்கத் தொகுப்பிலிருந்து ஆடிக்கொண்டிருக்கும் வரை, அத்தொகுப்பில் அது காணும் நகர்த்தல்களையும் புள்ளிவிவரங்களையும் கிராம்னிக்கும் தம் திரையில் பார்க்கலாம் என்று விதி வகுத்தார்கள். இந்த விதியின் பின்னுள்ள சிக்கல் ஆழமானது. ஃபிடே எனப்படும் சர்வதேசச் சதுரங்கச் சம்மேளனத்தின் விதிப்படி, ஆட்டத்தின்போது ஆட்டக்காரர் எந்தக் குறிப்பையும் புத்தகத்தையும் பார்க்கக்கூடாது. கணினியோ இலட்சக்கணக்கான பழைய ஆட்டங்களின் தொகுப்பைத் தன்னுள்ளே வைத்திருக்கிறது. அது நினைவா, குறிப்பேடா? மனிதர் மனப்பாடம் செய்ததை நினைவு என்கிறோம். கணினியின் வட்டில் பதிந்ததையும் நினைவு என்றே கொள்ளலாம். ஆனால் அந்தத் தொகுப்பில் எந்த வழியில் போகவேண்டும் என்று முன்கூட்டித் தேர்ந்தவர் ஒரு மனிதர்; பெரும்பாலும் அவரும் ஒரு கிராண்ட்மாஸ்டர். கணினி அந்தத் தொகுப்பில் நிற்கும்வரை, மேசையின் அந்தப்பக்கம் இருப்பது கணினியல்ல, தொகுப்பை எழுதியவர்தான். அவருடைய குறிப்பேட்டை எதிரிக்கும் காட்டு என்ற பொன் விதி, எனக்குத் தெரிந்தவற்றுள் மிக நுட்பமான நியாயம்.

முடிவாட்டத்திலும் இதே சிக்கல். இரு ராஜாக்களும் சேர்த்து ஐந்து, ஆறு காய்கள் மட்டும் மிஞ்சும் நிலைகள் அனைத்துக்கும் சரியான விடை முன்பே கணக்கிடப்பட்டுச் சேமிக்கப்பட்டிருந்தது. 2012இல் ஏழு காய் நிலைகளும் மொஸ்கோவில் கணக்கிடப்பட்டன. இந்த விடைத்தாளைப் பார்த்து ஆடும் கணினி அந்த இடத்தில் சிந்திப்பதே இல்லை. நியாயமான விதி, இத்தகைய விடைத்தாளின் பயன்பாட்டை முன்கூட்டி அறிவிக்கவேண்டும். அதைத் தடுப்பதா அனுமதிப்பதா என்பது இரு தரப்பும் பேசி முடிவுசெய்ய வேண்டியது.

விட்டுக்கொடுத்து ஆடுதல்

2005 ஜூனில் லண்டனில் ‘ஹைட்ரா’ இயந்திரம் பிரித்தானியாவின் மைக்கேல் அடம்ஸை 5½–½ என்று வீழ்த்தியது. ஆறு ஆட்டங்களில் அடம்ஸுக்குக் கிடைத்தது ஒரே ஒரு சமநிலை. 2009இல் புவனஸ் அயர்ஸில் நடந்த போட்டியொன்றில், கைபேசி ஒன்றில் ஓடிய ‘பொக்கெட் ஃபிரிட்ஸ் 4’ பத்து ஆட்டங்களில் 9½ புள்ளி எடுத்தது. அது விநாடிக்கு ஆராய்ந்தது இருபதாயிரத்துக்கும் குறைவான நிலைகளை. டீப் ப்ளூவின் 20 கோடியோடு ஒப்பிட்டால் வன்பொருளின் வேகம் இனிப் பிரச்சினையே அல்ல என்பது விளங்கும். நிரலின் அறிவு கூடிவிட்டது. நேரத்தைக் கூட்டுவதோ பிரதியைக் கொடுப்பதோ இனி மனிதரைக் காப்பாற்றாது.

இந்நிலையில் பழைய வழக்கம் ஒன்று மீண்டும் வந்தது. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியக் காப்பிக் கடைகளில் வலிமையான ஆட்டக்காரர், எளியவரோடு ஆடும்போது தம் சிப்பாயையோ குதிரையையோ எடுத்து வைத்துவிட்டு ஆடுவார். 2007இல் ‘ரிப்கா’ நிரல் எஸ்தோனிய கிராண்ட்மாஸ்டர் யான் எல்வெஸ்டுக்கு ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு சிப்பாயை விட்டுக்கொடுத்தும் 5½–2½ என்று வென்றது. 2008இல் ரோமன் ஜின்ஜிகாஷ்விலியோடு சிப்பாயை விட்டுக்கொடுத்து ஆடி 4–4 என்று சமமாகியது. அதே ஆண்டு வாடிம் மிலோவ், விட்டுக்கொடுப்புப் போட்டியில் ரிப்காவை 4½–3½ என்று வென்றார். 2016 ஜனவரியில் ஹிகாரு நகமுராவோடு ‘கொமோடோ’ நான்கு ஆட்டங்கள் ஆடியது; சிப்பாய், காய் வேறுபாடு, கூடுதல் நகர்த்தல்கள் என்று ஒவ்வொன்றிலும் ஒரு சலுகை. மூன்று ஆட்டங்கள் சமநிலை; கடைசி ஆட்டத்தை வென்று கொமோடோ 2½–1½ என்று முடித்தது.

விட்டுக்கொடுப்பு மனிதருக்கு அவமானம் என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. எவ்வளவு விட்டுக்கொடுத்தால் ஆட்டம் சமமாகிறது என்பதே இன்று இருவருக்கும் இடையிலுள்ள தூரத்தின் நேர்மையான அளவு. கணினியின் இயல்பை அது முடக்குவதில்லை. எந்தச் சலுகை எவ்வளவு என்று பலகையிலேயே எல்லோரும் பார்க்கலாம்.

இன்னொரு வழியையும் கஸ்பரோவ் முன்வைத்தார்: இரு மனிதருக்கும் ஆளுக்கொரு கணினியைக் கொடுத்துவிடுவது. ஸ்பெயினின் லெயோன் நகரில் 1998இல் அவரும் கிராண்ட்மாஸ்டர் தொபலோவும் இப்படி ஆடி 3–3 என்று முடித்தார்கள். அதற்கு முன் கணினியின்றி ஆடிய விரைவு ஆட்டங்களில் கஸ்பரோவ் 4–0 என்று வென்றிருந்தார். மறு ஆண்டு அதே லெயோனில், அதே முறையில், ஆனந்த் கிராண்ட்மாஸ்டர் கார்போவை 5–1 என்று வென்றார். கணினியின்றி ஆடுவதில் திறமை, கணினியை வழிநடத்துவதில் திறமை என இரண்டும் வேறு வேறு என்பதை இந்த முடிவுகள் காட்டின.

மாத்தளைப் பிள்ளைகளுக்கு இதில் என்ன?

உலகச் சம்பியன்களின் கதை இலங்கையின் மாத்தளை மாவட்டத்துக்குத் தூரமானது என்று தோன்றலாம். உண்மையில் இன்று அது மிக அருகில் வந்துவிட்டது. உலகின் மிக வலிமையான நிரல்களில் ஒன்றான ‘ஸ்டொக்ஃபிஷ்’ இலவசம். சாதாரணக் கைபேசியிலும் ஓடும். ரத்தோட்டையிலோ எல்கடுவையிலோ தோட்டத்தில் இருக்கும் ஒரு பிள்ளைக்குப் பயிற்றுநர் கிடைப்பது அரிது. பெரிய போட்டிக்குப் போவதென்றால் பஸ் செலவும் ஒருநாள் வேலை இழப்பும் பெற்றோருக்கு. அந்தப் பிள்ளைக்கு எளிதில் கிடைக்கும் வலிமையான எதிரி, வீட்டிலுள்ள கைபேசிதான். கஸ்பரோவுக்கும் ஆனந்துக்கும் வந்த கேள்விகள் இப்போது அந்தப் பிள்ளையின் கைக்கு வந்திருக்கின்றன.

பெரும்பாலான செயலிகளில் ‘நிலை 1, நிலை 2’ என்று கணினியைப் பலவீனமாக்கும் வசதி உண்டு. ஸ்டொக்ஃபிஷ் தன் திறனைக் குறைத்துக்கொள்ளும்போது, நல்ல நகர்த்தலைக் கண்டுபிடித்த பிறகும் சில வேளைகளில் வேண்டுமென்றே மோசமான ஒன்றைத் தேர்கிறது. ஐந்து நகர்த்தல் கிராண்ட்மாஸ்டரைப் போல ஆடிவிட்டு, ஆறாவதில் குதிரையைச் சும்மா கொடுத்துவிடும். எந்த மனிதரும் இப்படித் தவறு செய்வதில்லை. இதை வெல்லும் பிள்ளை, எதிரி தவறுசெய்யும்வரை காத்திருக்கப் பழகுகிறது, திட்டமிடப் பழகுவதில்லை. அதைவிட, கணினியை முழுப் பலத்தோடு விட்டு, அதன் ராணியையோ கோட்டையையோ எடுத்து வைத்துவிட்டு ஆடுவது நேர்மையான பயிற்சி. பிள்ளை வளர வளரச் சலுகையைக் குறைத்துக்கொள்ளலாம்: ராணி, பிறகு கோட்டை, பிறகு குதிரை. முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்.

பாடசாலை விழாக்களில் ‘மாணவரும் கணினியும்’ என்றொரு காட்சிப் போட்டியை நடத்த விரும்பும் ஆசிரியர்களுக்கு, மேலே சொன்ன வரலாற்றிலிருந்து கிடைக்கும் விதிகள் இவை. நிரலின் பெயர், பதிப்பு, ஓடும் கருவி, நேரக் கட்டுப்பாடு ஆகியவற்றைச் சில வாரங்களுக்கு முன்பே எழுதி ஒட்டுங்கள். அதே பதிப்பு மாணவருக்கும் பயிற்சிக்குக் கிடைக்கட்டும். போட்டி முடியும்வரை அதில் எதையும் மாற்றாதீர்கள். கைபேசியை இயக்குபவர் எந்தத் தரப்பையும் சாராத நடுவராக இருக்கட்டும். கைபேசியின் சொந்தக்காரர் வேண்டாம். விட்டுக்கொடுக்கும் காய் எது என்பதைப் பார்வையாளருக்கும் அறிவியுங்கள். விரைவு ஆட்டமும் நீண்ட ஆட்டமும் கலந்திருந்தால், இஸ்கியாவில் செய்தது போல ஒன்றாகக் கூட்டி ஒரே முடிவாகச் சொல்லாமல், தனித்தனியாக அறிவியுங்கள். ஒவ்வொரு நகர்த்தலையும் எழுதி வையுங்கள்.

இத்தகைய காட்சிப் போட்டிகளுக்கு வெளியே, மனிதரும் மனிதரும் ஆடும் மேசையில் கைபேசிக்கு இடமே இல்லை. அனுமதியில்லாத மின்னணுக் கருவியை ஆடுமிடத்தில் வைத்திருந்தாலே ஆட்டம் தோல்வி என்பது ஃபிடே விதி. பிள்ளைகளுக்கு இதைப் பயமுறுத்தலாகச் சொல்லவேண்டாம். கணினியோடு ஆடும்போது அதற்கென்று ஒரு மேசை, அதற்கென்று ஒரு விதி இருக்கிறது என்று கற்றுக்கொண்ட பிள்ளை, அதை மறைவாகக் கொண்டுவருவது ஏன் தவறு என்பதைத் தானாகவே உணரும்.

கணினி மனிதரைவிட வலிமையானதா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது: ஆம். அதை மறுப்பதில் பயனில்லை. ஆனால் நியாயமான போட்டி எது என்ற கேள்வி இன்னும் மனிதர்களின் பொறுப்பில்தான் இருக்கிறது. விதி முன்கூட்டியே இருவருக்கும் தெரிந்திருக்கவேண்டும். எதிரி கடைசிவரை அதே எதிரியாக இருக்கவேண்டும். நடந்ததைச் சரிபார்க்க வழி வேண்டும். ஒரு தரப்பின் சொந்தக்காரர் போட்டியை நடத்தக்கூடாது. இந்த நான்கும் இல்லாத போட்டியின் முடிவு எவ்வளவு பெரிய தலைப்புச் செய்தியானாலும் அதை முழுமையான முடிவாக ஏற்கவேண்டியதில்லை. போட்டி நடத்தும் ஆசிரியர்களும் செய்தி எழுதுவோரும் யார் வென்றார் என்று அறிவிக்குமுன், எந்த விதியின் கீழ் என்று அறிவியுங்கள்.